மந்தைப்பாறையின் தூண்டில் வாத்தியார்கள்

கொடைக்கானலைத் தாண்டி, கடைசி பஸ்ஸும் திரும்பிவிடுகிற இடத்துக்கு அப்பால் நடந்தால் மந்தைப்பாறை என்றொரு ஊர் வரும். கவனிக்காமல் நடந்தால் தாண்டியும் போய்விடுவீர்கள். ஊர்ப் பெயர்ப்பலகையை அவர்கள் கோயில் உள்ளறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பலகை எழுதிய பெயிண்டர், "மழையில நனைய விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பூண்டும் கேரட்டும் அங்கே பிரமாதமாக விளையும். மற்ற விளைச்சலைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த ஊரில் கை நனைத்தவன் நான்.

அந்த ஊரில் தண்டபாணி, குருந்தன், சோலையப்பன் என்று மூன்று பேர். தண்டபாணி மூத்தவர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிப் பேசுகிறவர் யோசித்துத்தான் பேசுவார் என்று மற்ற இருவரும் நம்பியதால் தலைமை அவரிடம் போனது. குருந்தனுக்கு எதிலும் சந்தேகம் வரும், அதைக் கேட்டுவிடுவான், என்ன பதில் வந்தாலும் திருப்தி அடைந்துவிடுவான். சோலையப்பன் தங்கமான பிள்ளை. அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொன்னால் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும்.

கல்யாணப் பேச்சுதான் இந்தக் கதையே. பக்கத்து ஊரான புதுக்கானலில் வீரணன் என்ற பூண்டு வியாபாரிக்குச் செண்பகம் என்று ஒரு மகள். சோலையப்பனுக்கு அவள் மேல் உயிர். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று வீரணன் ஆளைக்கூடப் பார்க்காமல் ஒரே பேச்சில் கதவைச் சாத்திவிட்டார். சோலையப்பன் ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் அக்கா பேச்சியம்மாள் ஊட்டிவிட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் உத்தியோகம் வீடு தேடி வந்தது. மந்தைப்பாறை ஓடையில் ட்ரவுட் மீன் உண்டு. அதைப் புழு கோத்துப் பிடித்தால் கௌரவம் இல்லை என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இறகிலும் நூலிலும் ஒரு பொய்ப் பூச்சி கட்டி, நீளமான கம்பால் நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, பூச்சி தானாக வந்து உட்கார்ந்த மாதிரி தண்ணீரில் இறக்குவார்கள். இந்த வீச்சைக் கற்றுக்கொள்ள வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள், சொல்லிக்கொடுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று மலையில் இருந்த ஒரு தூண்டில் சங்கம் முடிவு செய்தது. பயிற்சி தர ஞானசிகாமணி என்பவரைத் தொப்பியோடு அனுப்பியது. ஊரில் மற்ற எல்லாருக்கும் வேலை இருந்ததால் இந்த மூன்று பேரும் சேர்ந்தார்கள்.

சிகாமணி ஐயா கெட்டிக்காரர். தண்ணீருக்குப் போனால் கவனம் மீன் மேல் போய்விடும், வீச்சு கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. அதனால் பாடமெல்லாம் ஓடைக்கரைப் புல்வெளியில்தான். முள் கண்ணைக் கிழித்துவிடும் என்று, நூல் நுனியில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். "நான் சொல்ற வரைக்கும் புல்லை விட்டு இறங்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் கம்பளியைக் கழட்டக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

வீசும்போது முழங்கை விலகக் கூடாது, அதற்கு அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ளுங்கள், கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சோலையப்பன் பழைய பஞ்சாங்கம் ஒன்றை இடுக்கினான். அன்று முதல் அது விழவே இல்லை. சாப்பிடும்போதும் இருந்தது, குளிக்கும்போதும் இருந்தது. சந்தைக்குப் போனபோது வீரணன் அவனைத் தூரத்தில் பார்த்து, எந்நேரமும் கையில் புத்தகத்தோடு திரிகிற இந்தப் பிள்ளை யார் என்று விசாரித்தாராம். அவர் மனசு முதலில் இளகியது அங்கேதான்.

பக்கத்தில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கம்பை முன்னால் பத்து மணியில் நிறுத்துங்கள், பின்னால் ஒரு மணியில் நிறுத்துங்கள் என்றும் ஐயா சொன்னார். நினைத்துக்கொள்வது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆகவே கோயில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து, தண்டபாணி வீச, குருந்தன் இடது பக்கம் நின்று தூக்கிப் பிடித்தான். தண்டபாணி பத்து மணிக்கு நேராகக் கம்பை நிறுத்தினார். ஐயா அது தப்பு என்றார். இடது பக்கம் பிடித்தால் பத்து பின்னால் போய்விடுகிறது, வலது பக்கம் பிடித்தால் முன்னால் வருகிறது, ஊருக்கே பொதுவான கடிகாரம் இப்படிப் பக்கம் சாயலாமா என்று அன்று மாலை கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் கடிகாரத்தைப் பாயில் மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டார்கள். அதன்பின் அது யார் பக்கமும் சாயவில்லை.

பின்வீச்சில் நூல் நேராகும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். பொறுமை என்றால் கண் இமைக்கிற நேரம். குருந்தன் நூலைப் பின்னால் வீசினான், அது சுருள் சுருளாகப் புல்லில் விழுந்தது, அவன் நேராகட்டும் என்று காத்திருந்தான். வெயில் ஏறியது. பேச்சியம்மாள் அவனுக்கு நின்ற இடத்திலேயே கஞ்சி கொடுத்தாள். அவளுடைய ஆடு ஒன்று கம்பளியைக் கவ்விக்கொண்டு ஓடியபோது நூல் விண்ணென்று நேரானது. குருந்தன் முன்னால் வீசினான். ஆடும் கொஞ்ச தூரம் வந்தது.

இப்படிப்பட்டவர்கள் தேர்வில் எப்படித் தேறினார்கள் என்று கேட்பீர்கள். அதில்தான் படித்தவர்களின் பெருமை இருக்கிறது. வாத்தியார் தேர்வு என்பது வெறும் வீச்சுத் தேர்வு இல்லை. மாணவன் என்னென்ன தப்புச் செய்வான் என்பதை வாத்தியார் வேண்டுமென்றே செய்து காட்ட வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் பெயரும் சொல்ல வேண்டும். பெயர்களை மூன்று பேரும் சாமி பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருந்தார்கள். தப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தேர்வு நாளில் ஐயா, "டெய்லிங் லூப் காட்டு" என்றார். வீசிய நூலின் மேல்பாதி கீழ்பாதியை வெட்டிக்கொண்டு போய் முடிச்சு விழுவதற்கு அந்தப் பெயர். சோலையப்பன் பயத்தில் தன்னால் முடிந்த மிக நல்ல வீச்சை வீசினான். நூல் இரண்டு இடத்தில் வெட்டி, மூன்று முடிச்சு விழுந்து, அவன் கழுத்தையும் ஒரு சுற்றுச் சுற்றியது. ஐயா வாயைப் பிளந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு துல்லியமாக ஒரு தப்பை யாரும் செய்து காட்டியதில்லை என்றார். மற்ற தப்புகளையும் வரிசையாகக் கேட்டார். மூவரும் வரிசையாகச் சரியாக வீச முயன்று, ஒன்றுகூடக் குறையாமல் எல்லாத் தப்பையும் காட்டிவிட்டார்கள். சரியான வீச்சைக் காட்டச் சொல்கிற நேரத்தில் மழை வந்துவிட்டது. இவ்வளவு நுட்பமாகத் தப்புச் செய்யத் தெரிந்தவர்களுக்குச் சரியாகச் செய்வது எம்மாத்திரம் என்று ஐயா மூவருக்கும் வாத்தியார் பட்டம் கொடுத்து, சங்கத்தின் முத்திரை போட்ட பட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்.

கிளம்பும்போது கடைசியாக ஒரு சட்டம் சொன்னார். இந்த மீன்பிடிப்பு விளையாட்டுக்குத்தான், வயிற்றுக்கு இல்லை. பிடித்த மீனை ஈரக் கையால் தொட வேண்டும். பிடித்த இடத்திலேயே தண்ணீர் வருகிற பக்கம் தலையை வைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து, அது தானாக நீந்திப் போகும்வரை நிற்க வேண்டும். இதை மீறுகிறவன் வாத்தியார் இல்லை, பட்டையைக் கழற்றிவிட வேண்டியதுதான். சொல்லிவிட்டு வெளிநாட்டிலிருந்த மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். புல்லை விட்டு இறங்கலாம் என்று சொல்ல மறந்துபோனார்.

உத்தியோகம் கிடைத்த சேதி புதுக்கானலுக்குப் போனது. வீரணன் விவரமான ஆள், அதைவிட மீன் பிரியர். "மீன் பிடிக்கச் சொல்லித் தர்றவன் ஒரு மீனைப் பிடிச்சு எனக்குச் சோத்துல வைக்கட்டும். அப்புறம் பொண்ணைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லி, வீடு பார்க்க வருகிற நாளையும் குறித்து அனுப்பிவிட்டார்.

மூவரும் புல்வெளியில் கூடினார்கள். குருந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணே, நம்ம இத்தனை நாளா புல்லுல வீசுறோம். ஒரு மீனுகூட வரலையே?"

தண்டபாணி கண்ணை மூடினார். "நம்ம பாடம் படிச்சிட்டோம். மீனு படிக்கலை. கொறை நம்ம மேல இல்லை."

"அப்ப ஓடைக்குப் போயி வீசுனா என்ன?" என்று சோலையப்பன் கேட்டான். காதல் அவனுக்குக் கொஞ்சம் துணிச்சலைக் கொடுத்திருந்தது.

"புல்லை விட்டு இறங்கக் கூடாதுன்னு ஐயா சொல்லிருக்காரு. ஆனா நூலு இறங்கக் கூடாதுன்னு சொல்லலை" என்றார் தண்டபாணி. கேட்ட இருவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

ஆக, புல் முடிகிற விளிம்பில் கால் விரலைப் பதித்து நின்றார்கள். மீன் உங்களைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஓடிவிடும் என்றும் ஐயா சொல்லியிருந்தார். நாம் அதைப் பார்க்காமல் இருந்தால் அது நம்மை எப்படிப் பார்க்கும் என்று குருந்தன் கேட்க, மூவரும் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீசினார்கள். முதல் வீச்சிலேயே குருந்தனின் நூல் தண்டபாணியின் இடுப்பைச் சுற்றியது, தண்டபாணியின் நூல் குருந்தனின் காலைச் சுற்றியது. தனக்குப் பெரிய மீன் மாட்டிவிட்டது என்று இவர் இழுத்தார், தனக்கும் மாட்டிவிட்டது என்று அவன் இழுத்தான். கனமான மீன், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது என்று தண்டபாணி சந்தோஷமாகச் சொன்னார். தன்னுடைய மீன் தண்டபாணி அண்ணன் குரலிலேயே பேசுகிறது என்று குருந்தன் அதிசயப்பட்டான். சோலையப்பன் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது இருவரும் ஒருவரையொருவர் கரையேற்றி முடித்திருந்தார்கள்.

அவன் அன்று அழுதான். நிஜமாகவே உட்கார்ந்து அழுதான். முள் இல்லாத கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் செண்பகத்தைச் சந்தையில்கூடப் பார்க்க முடியாது என்றான். பேச்சியம்மாள், "முள்ளைக் கட்டுடா, தண்ணியில இறங்குடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஐயா சொல்லட்டும் என்றார்கள் மூவரும். ஐயா போனை எடுக்கவே இல்லை.

பிறகு விடாமல் மழை பெய்தது. குறித்த நாள் விடியும்போதுதான் வெறித்தது. ஓடை கரைமீறிப் புல்வெளியெல்லாம் ஏறி, அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது. வீரணன் ஜீப்பில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கமில்லை; செண்பகமும் வந்திருந்தாள். நான் வாழப்போகிற வீட்டை நான்தான் பார்க்க வேண்டும் என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். பேச்சியம்மாள் மசாலாவை அரைத்து வைத்துவிட்டு, மீனுக்கு எங்கே போவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மூவரும் வழக்கம்போலப் புல்வெளியில் நின்றார்கள், கணுக்கால் தண்ணீரில். தண்ணீருக்கு அடியில் புல் இருந்ததால் இது சட்டப்படி புல்தான் என்று தண்டபாணி ஏற்கெனவே முடிவு சொல்லியிருந்தார். வீரணன் வரப்பில் நின்று பார்க்க, சோலையப்பன் பஞ்சாங்கத்தை அக்குளில் இடுக்கி, கடவுளை வேண்டி, தன் உயிரைக் கொடுத்து வீசினான். நூல் வெட்டியது. முடிச்சு விழுந்தது. தேர்வில் காட்டிய அதே தப்பு, அதைவிட அழகாக.

வடிகிற தண்ணீரில் வழி தவறி, புல் நடுவே ஒரு பள்ளத்தில் திணறிக்கொண்டு கிடந்த ட்ரவுட் ஒன்று அந்த நேரம் பார்த்துத் துள்ளியது. காற்றில் விழுந்த முடிச்சு நேராக அதன் வாலில் போய் இறுகியது. சோலையப்பன் இழுத்தான். முழங்கை நீள மீன் தலைகீழாக வந்தது.

வீரணனுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் சோலையப்பனின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். "பிடிச்ச இடத்துலயே விடணும்" என்றார்.

வெள்ளம் மளமளவென்று வடிந்ததில் அதற்குள் பள்ளத்திலும் தண்ணீர் போய், புல்லும் சேறும்தான் மிச்சம். பிடித்த இடம் அதுதான், வேறு இடம் சட்டத்தில் இல்லை. மூவரும் கையை நனைத்துக்கொண்டு, மீனைப் புல்லில் வைத்து, ஓடை வருகிற பக்கம் தலையைத் திருப்பி, முன்னும் பின்னும் அசைத்தார்கள். மீன் நீந்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வாயசைப்பதையும் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓய்வெடுக்கிறது, அவசரப்படுத்தக் கூடாது என்று குருந்தன் சொன்னான். வரப்பில் நின்ற வீரணனுக்குக் கால் கடுத்தது.

செண்பகம்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "உங்களுக்குக் கை வலிக்கும். கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.

கை நனைந்திருக்கிறதா என்று தண்டபாணி கேட்டார். நனைத்துக் காட்டினாள். மீனை வாங்கி, தலையை ஓடை வருகிற பக்கமாகவே பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சியம்மாளின் அடுப்படியும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வீரணன் சாப்பிட்ட அழகைச் சொல்லி முடியாது. தலையை உறிஞ்சினார், முள்ளைச் சப்பினார், சட்டியைச் சாய்த்துக் குழம்பைப் பார்த்தார். எல்லாம் முடிந்து கை கழுவியதும் வியாபாரி புத்தி திரும்பிவிட்டது. பிடி கொடுக்காமல் பேச ஆரம்பித்தார். "மீனு நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு விசயம், ஆற அமர யோசிச்சுச் சொல்றேன்" என்று கட்டிலில் சாய்ந்தார். சோலையப்பன் சுவரோடு சுவராக நின்றான்.

அந்த நேரத்தில் தண்டபாணி உள்ளே வந்து மீன் நீந்திப் போய்விட்டதா என்று செண்பகத்தைக் கேட்டார்.

"அப்பா வயித்துல இருக்கு" என்றாள் அவள்.

மூவரும் வாசலுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். விஷயம் விளையாட்டு இல்லை. மீனை விடாவிட்டால் வாத்தியார் பட்டம் போய்விடும். பட்டம் போனால் உத்தியோகம் போய்விடும். உத்தியோகம் போனால் செண்பகம் போய்விடுவாள்.

"மீனு எங்கயும் தொலைஞ்சு போகலையே அண்ணே. மாமாகிட்டத்தான பத்திரமா இருக்கு" என்றான் குருந்தன்.

தண்டபாணி வெகு நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "அப்ப மாமாவோட சேத்து விட்டுற வேண்டியதுதான்" என்றார்.

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சோலையப்பன் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற, மூவரும் கையை நனைத்துக்கொண்டார்கள். சாப்பிட்ட மயக்கத்தில் கிடந்த வீரணனைத் தண்டபாணி தோளிலும் குருந்தன் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள். நடுவில் சோலையப்பன் ஒரு கையால் தாங்கினான், மறுகை பஞ்சாங்கத்துக்கு. வீரணன் விழித்துப் பார்த்தபோது புல்வெளியில், மீன் கிடந்த அதே பள்ளத்தில் குப்புறக் கிடந்தார். ஓடை வருகிற பக்கம் தலை. மூன்று ஜோடி ஈரக் கைகள் அவரை முன்னும் பின்னும், முன்னும் பின்னும், மெல்ல அசைத்துக்கொண்டிருந்தன.

என்னவென்று கேட்டார். மீனோடு பேசுவது பாடத்தில் இல்லாதது. திட்டினார், புரண்டார், சேற்றைக் குடித்தார். நல்ல தெம்பு வந்துவிட்டது என்று குருந்தன் மகிழ்ச்சியாகச் சொன்னான். இவர்கள் எதற்காக இப்படிச் செய்கிறார்கள் என்று வீரணன் யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே காரணம்தான் மனதில் பட்டது.

"யப்பா, சாமிகளா, பொண்ணைக் கட்டிக் குடுக்கிறேன். வர்ற தையிலயே கல்யாணத்தை வச்சுக்கலாம். சத்தியமா குடுக்கிறேன். என்னை விட்டுருங்கடா" என்று கத்தினார்.

வரப்பில் நின்ற செண்பகம் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சாட்சி, மதினி" என்றாள். சோலையப்பன் சந்தோஷத்தில் கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். பஞ்சாங்கம் முதல் முறையாகக் கீழே விழுந்தது.

தண்டபாணி கண்ணைத் திறக்கவில்லை. பணிவாகக் குனிந்து வீரணனின் காதோரம் சொன்னார்.

"நாங்க கையை எடுத்து ரொம்ப நேரமாச்சு மாமா. இனிமே நீங்கதான் நீந்தணும்."